சிறுநீரகக் கட்டியை உறைய வைத்து அழிக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு 71 வயது. பித்தப்பைக் கல்லுக்காக வயிற்று ஸ்கேன் எடுத்தபோது இடது சிறுநீரகத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. சி.டி. ஸ்கேனில் 2.8 செ.மீ., கீழ்முனையில், முதுகுப் பக்கமாகப் புடைத்திருக்கிறது, வேறெங்கும் பரவவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். 15 வருடமாகச் சுகர். கிரியேட்டினின் 1.7. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து 14 மாதம் ஆகிறது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். திருச்சியில் ஒரு டாக்டர் கட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்றார். இன்னொருவர், ஊசி வழியாக உறைய வைத்து அழிக்கும் 'க்ரையோ' சிகிச்சை இருக்கிறது, விசாரியுங்கள் என்றார். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று சித்தப்பா தடுக்கிறார். அப்பாவோ சம்பா அறுவடை முடிந்து தை மாதத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அதுவரை பொறுக்கலாமா? கும்பகோணத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கு ப்ராஸ்டேட் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்து மூன்று வருடம் ஆகிறது; இப்போது பி.எஸ்.ஏ. (ப்ராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை அளவு) ஏறுகிறது. அவருக்கும் இது உதவுமா?

பதில்: அறுவடை முடியும்வரை பொறுக்கலாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், வீட்டில் எல்லோரும் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம். சிறுநீரகத்தில் இந்த அளவுள்ள கட்டிகள் சராசரியாக ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. பல கட்டிகள் அதைவிடவும் மெதுவாக. இரண்டு மூன்று மாதத் தாமதத்தால் சிகிச்சை வாய்ப்பு கைநழுவாது. ஆனால் அந்த மாதங்களைச் சும்மா கழிக்காதீர்கள். சிகிச்சைக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் இரண்டு இருக்கின்றன: ஒன்று பயாப்ஸி (கட்டியிலிருந்து ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது), மற்றொன்று இதய மருத்துவரிடம் எழுத்தில் ஒப்புதல்.

உங்கள் அப்பாவுக்கு உறைய வைக்கும் சிகிச்சை பொருந்தும் என்பதே என் கருத்து. கட்டி 3 செ.மீ.க்குள் இருக்கிறது, முதுகுப் பக்கம் வெளியே புடைத்திருக்கிறது, சிறுநீரகத்தின் நடுவில் உள்ள பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டி இல்லை. முதுகு வழியாக ஊசி நேராகப் போய்ச் சேரும் இடம் அது. கிரியேட்டினின் 1.7 என்றால், அவர் வயதுக்கு, சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் (eGFR) நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 மில்லிதான். வெட்டி எடுக்கும் அறுவையில் பெரும்பாலும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைச் சிறிது நேரம் நிறுத்துவார்கள். மீதமிருக்கும் திறனில் கொஞ்சம் அதிலேயே போகலாம். இதயமும் மயக்க மருந்தையும் ரத்த இழப்பையும் தாங்க வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு. கட்டி அதே இடத்தில் மிஞ்சுவதோ திரும்ப வருவதோ அறுவையில்தான் மிகக் குறைவு. உறைய வைப்பதில் அந்த வாய்ப்பு சற்று அதிகம். அப்படி மிஞ்சினால் பெரும்பாலும் இன்னொரு முறை உறைய வைத்துவிடலாம். 50 வயதில், சுகரும் ஸ்டென்ட்டும் இல்லாதவர் கேட்டிருந்தால் அறுவையைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். உங்கள் அப்பாவுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

இனி பயாப்ஸி. சித்தப்பாவின் பயம் ஊரெங்கும் இருக்கும் பயம், அவரைக் கோபிக்க வேண்டாம். சிறுநீரகக் கட்டியில் சதை எடுக்கும்போது முதலில் வெளி உறை போன்ற ஒரு ஊசியைக் கட்டியின் விளிம்புவரை வைத்துவிட்டு, அதற்குள்ளே இன்னொரு ஊசியை விட்டுத்தான் சதைத் துணுக்கை எடுப்பார்கள். கட்டிக்குள் போன ஊசி வெளித் தசையைத் தொடாமலே வெளியே வந்துவிடும். ஊசி போன பாதையில் புற்று வளர்ந்ததாக மருத்துவ உலகில் பதிவாகியிருப்பது மிக மிகக் குறைவு. அதோடு ஒப்பிட்டால் பயாப்ஸி செய்யாததன் ஆபத்து பெரிது. 4 செ.மீ.க்குக் குறைவான சிறுநீரகக் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றே இல்லை. ஆன்கோசைட்டோமா என்ற சாதுவான கட்டி சி.டி.யில் அச்சு அசலாகப் புற்றுபோலவே தெரியும். அப்பாவுடையது சாதுவான கட்டியாக இருந்தால் அவருக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டியிராது.

சில இடங்களில் "உறைய வைக்கும் அன்றே பயாப்ஸியும் எடுத்துக்கொள்ளலாம், ஒரே செலவு" என்பார்கள். மருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் அதை அனுமதிக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் முடிந்தால் தனி நாளில் செய்யச் சொல்லுங்கள். அதே நாளில் எடுத்தால், ரிசல்ட் வரும்போது கட்டி ஏற்கெனவே உறைந்து போயிருக்கும். துணுக்கு போதவில்லை என்று ரிப்போர்ட் வந்தால் (அப்படி வருவதுண்டு) அது என்ன கட்டி என்பது கடைசிவரை தெரியாது. அடுத்த ஐந்து வருடம் எதைத் தேடி ஸ்கேன் எடுக்கிறோம் என்பதும் தெளிவாகாது. குறைந்தது இரண்டு நல்ல துணுக்குகள் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் புற்றின் வகையும் தரமும் (கிரேட்) இருக்க வேண்டும்.

உறைய வைப்பது எப்படி என்று பார்ப்போம். புற்றைக் குளிரால் தாக்கும் எண்ணம் பழையது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஜேம்ஸ் ஆர்னாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் பனிக்கட்டியும் உப்பும் கலந்த கலவையை வெளியே தெரியும் புற்றுக்கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார். சிறுநீரகக் கட்டியில் இது 1990களிலிருந்து நடக்கிறது. ஆகவே இது உங்கள் அப்பாவின் மேல் செய்து பார்க்கும் சோதனை அல்ல.

இன்றைய ஊசி ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன், நெல் மூட்டை தைக்கும் கோணி ஊசியைவிட மெல்லியது. உயர் அழுத்தத்தில் வரும் ஆர்கான் வாயு ஊசியின் முனைக்குள் ஒரு நுண்துளை வழியாகப் பாய்ந்து விரியும்போது சட்டென்று குளிர்கிறது. முனையை ஒட்டி மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போகும். வாயு உடம்புக்குள் கசிவதில்லை, ஊசிக்குள்ளேயே திரும்பி வெளியேறிவிடும். முனையைச் சுற்றிப் பனி உருண்டை வளரும். 2.8 செ.மீ. கட்டிக்கு ஒரு ஊசி போதாது, செ.மீ.க்கு ஒன்று என்ற கணக்கில் பொதுவாக மூன்று ஊசிகள் வைப்பார்கள். அவற்றுக்கு இடையே ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. இடைவெளி. அதற்கு மேல் விலகினால் உருண்டைகள் நடுவில் சரியாகச் சேராமல் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் கட்டி மிஞ்சலாம். ஒவ்வொரு ஊசியையும் உடலில் வைப்பதற்கு முன் கிருமி நீக்கிய உப்புநீரில் மூழ்க வைத்து, பனி கட்டுகிறதா, வாயுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

சி.டி. படத்தில் பனி உருண்டை கருமையாக, தெளிந்த விளிம்போடு தெரியும். வெப்பத்தால் அழிக்கும் முறைகளில் இல்லாத வசதி இது. ஆனால் இந்த விளிம்பைத் தவறாகப் படித்தாலும் சிகிச்சை தோற்கும். கண்ணுக்குத் தெரியும் விளிம்பில் வெப்பநிலை 0 டிகிரி மட்டுமே. 0 டிகிரியில் புற்றுச் செல் சாகாது. நம்பிச் சாகடிக்க மைனஸ் 20க்குக் கீழே இறங்க வேண்டும், மைனஸ் 40 என்றால் இன்னும் உறுதி. அந்தக் குளிர், தெரியும் விளிம்பிலிருந்து 3 முதல் 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளித்தான் தொடங்கும். ஆகவே கட்டியைப் பனி மூடிவிட்டது என்று நிறுத்தினால் கட்டியின் தோல் உயிரோடு இருக்கும். எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மில்லிமீட்டர், இடம் இருந்தால் 10 மில்லிமீட்டர், கட்டியைப் பனி தாண்ட வேண்டும். அப்பாவின் கட்டிக்கு, பனி உருண்டை 3.8 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சிகிச்சை முடிந்ததும் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால் இதைக் கேளுங்கள்: "பனி எல்லாப் பக்கமும் எவ்வளவு தாண்டியது, எந்தப் பக்கம் குறைவு?" எண்ணாகப் பதில் வர வேண்டும்.

வழக்கமான சுற்று 10 நிமிடம் உறைய வைத்தல், 8 நிமிடம் தானாக உருக விடுதல், மறுபடி 10 நிமிடம் உறைய வைத்தல். முதல் உறைவில் செல்லுக்கு வெளியே உள்ள நீர் பனியாகிச் செல்லிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. ஊசிக்கு அருகே செல்லுக்குள்ளேயே பனி முளைத்துச் சவ்வைக் கிழிக்கிறது. மெதுவாக உருகும்போது சிறு பனித் துகள்கள் சேர்ந்து பெரிதாகி மேலும் கிழிக்கும். அதனால்தான் உருகும் நேரத்தைச் சுருக்கக் கூடாது. அந்தப் பகுதியின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பிறகு அடைபட்டு, தப்பிய செல்களையும் பட்டினி போட்டுவிடும். கடைசியில் ஹீலியம் வாயுவாலோ மின்சூட்டாலோ ஊசியைச் சூடாக்கி எடுப்பார்கள். ஊசி தானாக நெகிழ்வதற்கு முன் இழுத்தால் பனியோடு சிறுநீரகமும் விரிந்து பிளந்து ரத்தம் கொட்டும். இந்தச் சிகிச்சையில் அவசரத்துக்கு இடமே இல்லாத கட்டம் அது.

ரத்தக் கசிவுதான் முதன்மையான சிக்கல். வெப்ப ஊசி குழாய்களைச் சுட்டு அடைத்துக்கொண்டே போகும். குளிர் அப்படி அடைக்காது, பனி உருகியதும் கசியத் தொடங்கலாம். அடுத்தது குடல். கீழ்முனைக் கட்டிக்கு அருகில் பெருங்குடல் ஓடும். அது ஒரு செ.மீ.க்குள் இருந்தால், இடையில் மெல்லிய ஊசி வழியாகச் சில நூறு மில்லி திரவம் செலுத்திக் குடலைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் உறைய வைக்க வேண்டும். சிறுநீர் இறங்கும் குழாயும் அந்தப் பக்கமே. பனி அதைத் தொட்டால் பின்னாளில் சுருங்கி அடைபடலாம். இடுப்புத் தசையின் மேல் ஓடும் நரம்பில் குளிர் பட்டால் தொடை இடுக்கில் மரத்துப்போகும், பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும்.

ஸ்டென்ட்டுக்கு வருகிறேன். க்ளோபிடோக்ரெலைச் சிகிச்சைக்கு 5 நாள் முன்பு நிறுத்த வேண்டியிருக்கும். ஆஸ்பிரினை நிறுத்துவதா தொடர்வதா என்பதை இதய மருத்துவரும் ஊசி போடுபவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டதால் அனுமதி கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் வாய்மொழி போதாது, எந்தத் தேதியில் நிறுத்தி எந்தத் தேதியில் தொடங்குவது என்று எழுதி வாங்குங்கள். மருந்துக்கடையில் கேட்டோ பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியோ நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடக்கூடும். இந்தக் கட்டியால் இந்த ஆண்டு அப்பாவின் உயிருக்கு வரக்கூடிய ஆபத்தைவிட அது பல மடங்கு பெரியது. பயாப்ஸிக்கும் இதே விதிதான், ஆகவே இரண்டு நாளையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

எங்கே போவது? க்ரையோ கருவி எல்லா ஊரிலும் இல்லை, பெரிய நகரங்களிலும் சில மருத்துவமனைகளில்தான் உண்டு. ஊசிகள் ஒருமுறை மட்டுமே பயன்படுபவை. செலவின் பெரும்பகுதி அவைதான். எஸ்டிமேட் கேட்கும்போது ஊசி எத்தனை, வாயுவுக்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்தச் சிகிச்சைக்கென்றே முன்அனுமதி வந்த பிறகே தேதி வாங்குங்கள்.

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். க்ரையோ என்ற பெயருக்காக மட்டும் ஊர் ஊராக அலைய வேண்டாம். முதுகுப் பக்கம் புடைத்த, 3 செ.மீ.க்குள் அடங்கிய கட்டிக்கு மைக்ரோவேவ் அல்லது ரேடியோ அதிர்வலை ஊசியால் சுட்டு அழிப்பதும் நல்ல சிகிச்சையே. அந்தக் கருவிகள் அதிக இடங்களில் கிடைக்கின்றன. கட்டி நடுவில் சிறுநீர் சேரும் பைக்கு அருகே இருந்தாலோ 3 செ.மீ.யைத் தாண்டினாலோதான் குளிரின் மேன்மை தெளிவாகத் தெரியும். கருவி எது என்பதைவிட, சிறுநீரகக் கட்டிகளில் இதை வழக்கமாகச் செய்பவரா, ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் கசிந்தால் அதே கட்டடத்தில் ரத்தக் குழாய்க்குள் சென்று அடைக்க ஆளும் கருவியும் உண்டா என்பதுதான் உயிர் காக்கும். "இல்லை, வேறு மருத்துவமனைக்கு அனுப்புவோம்" என்றால் அந்த இடம் வேண்டாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் யூராலஜி பிரிவில் ரிப்போர்ட்டுகளைக் காட்டி ஒரு கருத்துக் கேட்டுவிட்டுத் திருச்சி, சென்னை என்று யோசியுங்கள்.

சிகிச்சை நாளில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். முதுகு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் முன்பே சொல்லுங்கள், முழு மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். அன்று இரவு மருத்துவமனையில் தங்க வேண்டும், மறுநாள் ஹீமோகுளோபினும் கிரியேட்டினினும் பார்ப்பார்கள். சென்னையில் செய்தால் டிஸ்சார்ஜ் ஆன அன்றே மன்னை எக்ஸ்பிரஸில் ஏற்ற வேண்டாம்; இன்னும் ஓரிரு இரவு அங்கேயே உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்குங்கள். தாமதமாகக் கசியும் ரத்தம் ஓடும் ரயிலில் தெரியவந்தால் யாராலும் உதவ முடியாது. ஓரிரு நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போவது இயல்பு. ரத்தக் கட்டிகள் வந்தாலும், சிறுநீர் அடைத்தாலும், விலாவில் வலி கூடிக்கொண்டே போனாலும், எழுந்தால் தலைசுற்றினாலும், 38.5 டிகிரி செல்சியஸுக்கு (சுமார் 101 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல் அடித்தாலும் உடனே திரும்பிப் போக வேண்டும்.

வலிக்கு பாராசிட்டமால் மட்டும். நம் பக்கம் நடவு, அறுப்பு நாட்களில் உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும், பாதித் திறனில் ஓடும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இப்போதிருந்தே அப்பா அவற்றை விட்டுவிட வேண்டும், சிகிச்சைக்குப் பிறகும் தொடவே கூடாது. பஸ்பம், சூரணம் ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இரண்டு வாரம் மூட்டை தூக்குவது, மோட்டார் இழுப்பது, வரப்பில் பைக் ஓட்டுவது, டிராக்டர் ஏறுவது வேண்டாம். மாசியில் சிகிச்சை முடிந்தால் ஜூனில் மேட்டூர் திறந்து குறுவை தொடங்கும்போது அவர் வயலில் நிற்கலாம்.

இனி ஐந்து வருடம் ஸ்கேன். முதலாவது 3 முதல் 6 மாதத்துக்குள், பிறகு ஓராண்டில், அதன்பின் ஆண்டுக்கு ஒன்று; நெஞ்சுக்கும் ஒரு படம். இதில் நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் தவறு உண்டு. கிரியேட்டினினைப் பார்த்ததும் ஸ்கேன் சென்டரில் சாயமருந்து போடத் தயங்கி, வெறும் சி.டி.யோ அல்ட்ராசவுண்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தப் படத்தால் பயனில்லை. உறைந்து செத்த கட்டி மாயமாகிவிடாது. முதலில் பழைய கட்டியைவிடப் பெரிதாகக்கூடத் தெரியும், பிறகு மாதக்கணக்கில் சுருங்கும். அது உயிரோடு இருக்கிறதா என்பதைச் சொல்வது சாயமருந்தை அது உறிஞ்சுகிறதா என்பது மட்டுமே. உறிஞ்சாவிட்டால் செத்தது. ஓரத்தில் குமிழ்போல ஒரு இடம் உறிஞ்சினால் அங்கே மிச்சம் இருக்கலாம். வடிகட்டும் திறன் 30க்கு மேல் இருக்கும்வரை, தேவையான முன்னெச்சரிக்கையோடு சாயமருந்து சி.டி. எடுக்கலாம், எம்.ஆர்.ஐ.யும் உண்டு. சிகிச்சைக்கு முந்தைய சி.டி. டிஸ்க்கையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுபோங்கள். இல்லையென்றால் புதிதாகப் படம் பார்ப்பவர் தழும்பையே 'கட்டி' என்று எழுதி, வீட்டையே கலங்க அடித்துவிடுவார்.

பெரியப்பா விஷயம் வேறு. கதிர்வீச்சுக்குப் பிறகு ப்ராஸ்டேட்டுக்குள் மட்டும் புற்று திரும்பியிருந்தால், சுரப்பியை உறைய வைப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிகளில் ஒன்று. பி.எஸ்.ஏ. கொஞ்சம் ஏறியதுமே அப்படி முடிவுகட்டக் கூடாது. கதிர்வீச்சுக்குப் பின் அது இறங்கிய மிகக் குறைந்த அளவைவிட 2 நானோகிராம் கூடினால்தான் திரும்பியதாகக் கணக்கு. 0.6 வரை இறங்கியிருந்தால் 2.6ஐத் தொட வேண்டும். அப்படியானால் எம்.ஆர்.ஐ.யும், எலும்பு, நிணநீர்க் கணுக்களில் பரவவில்லை என்று காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனும், ப்ராஸ்டேட் பயாப்ஸியும் வேண்டும். வெளியே பரவியிருந்தால் சுரப்பியை மட்டும் உறைய வைப்பதால் பயனில்லை.

செய்வதானால், சிறுநீர்ப் பாதை உறையாமலிருக்க வெந்நீர் ஓடும் குழாயை உள்ளே வைத்து, மலக்குடல் சுவரை ஒட்டி வெப்பமானி ஊசிகள் வைத்துச் செய்ய வேண்டும். கதிர்வீச்சு பட்ட திசு ஆறுவது கடினம். சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் கசிவதும் ஆண்மைக் குறைவும் வரக்கூடியவை. மலக்குடலுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் இடையே துளை விழுவது அரிது, விழுந்தால் பெரும் துன்பம். இதைப் பெரியப்பாவிடமும் பெரியம்மாவிடமும் முன்கூட்டியே பேசும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். இப்போதைக்கு, கதிர்வீச்சு முடிந்ததிலிருந்து எடுத்த எல்லா பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டுகளையும் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதி வையுங்கள். ஹார்மோன் ஊசி போட்டிருந்தால் அதன் தேதிகளையும் பக்கத்தில் குறியுங்கள், ஏனெனில் அந்த ஊசியின் வேகம் தீரும்போதும் பி.எஸ்.ஏ. கொஞ்சம் ஏறும்.